அக்டோபரிலேயே வந்துவிடும் கிறிஸ்துமஸ்: கடைகள் அவசரப்படுவது ஏன்?

மும்பை: தீபாவளிக்காக வாசலில் தொங்கவிட்ட ஆகாசக் கந்தில்கள் இறக்கப்படுவதற்கு முன்பே, கடைகளில் காகித நட்சத்திரங்களும் நெகிழியாலான கிறிஸ்துமஸ் மரங்களும் இடம்பிடித்துவிடுகின்றன. டிசம்பர் 25-க்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே தள்ளுபடி அறிவிப்புகள் கைப்பேசித் திரையை நிறைக்கின்றன. "பண்டிகை வருவதற்குள் பண்டிகையே அலுத்துவிடுகிறது" என்ற ஆதங்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. செம்பூர், திலக் நகர், தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் இதற்கு விலக்கல்லர்.

இந்த ஆதங்கத்தில் நியாயம் உள்ளதா? கடைகள் இவ்வளவு முன்கூட்டியே தொடங்குவதற்குக் காரணம் என்ன?

திருச்சபையின் நாள்காட்டி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலம் 'திருவருகைக் காலம்' எனப்படுகிறது. 2025-ஆம் ஆண்டில் அது நவம்பர் 30 அன்று தொடங்கியது. இது கொண்டாட்டத்துக்கான காலம் அன்று, காத்திருப்புக்கான காலம். கத்தோலிக்க ஆலயங்களில் குருக்கள் ஊதா நிற உடை அணிகின்றனர். ஞாயிறு திருப்பலிகளில் வழக்கமாகப் பாடப்படும் 'உன்னதங்களிலே' கீதம் இக்காலத்தில் தவிர்க்கப்படுகிறது. வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன.

கொண்டாட்டம் தொடங்குவது கிறிஸ்துமஸ் இரவில்தான். மரபுப்படி, ஜனவரி 6 அன்று வரும் திருக்காட்சிப் பெருவிழா வரை பன்னிரண்டு நாள்களுக்கு அது நீடிக்கிறது.

வணிக நாள்காட்டி இதற்கு நேர்மாறானது. அது அக்டோபரில் தொடங்கி, டிசம்பர் 25 இரவோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் நட்சத்திரங்கள் இறக்கப்பட்டுப் புத்தாண்டு விளம்பரங்கள் ஏறிவிடுகின்றன. ஆலயத்தில் விழா தொடங்கும்போது கடைத்தெருவில் அது முடிந்துபோகிறது. பலரது மனக்குறையின் வேர் இதுதான்.

கடைக்காரரின் கணக்கு

பண்டிகைப் பொருள்கள் மற்றப் பொருள்களைப் போன்றவை அல்ல. டிசம்பர் 24 அன்று நல்ல விலைக்குப் போகும் நட்சத்திரத்தை 26-ஆம் தேதி பாதி விலைக்கும் கேட்க ஆள் இருக்காது. மீந்துபோகும் சரக்கை ஓராண்டு காலம் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். எனவே விற்பனை நாள்களை நீட்டிப்பது வணிகருக்கு ஒரு காப்பீடு.

இரண்டாவது காரணம் போட்டி. ஒரு கடை முந்திக்கொண்டால், வாடிக்கையாளரின் பணம் அங்கே சென்றுவிடும் என்ற அச்சத்தில் அடுத்த கடையும் முந்துகிறது. எவரும் தனியாகப் பின்வாங்க முடியாத ஓட்டம் இது.

இந்தியாவில் மூன்றாவது காரணமும் உண்டு. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், வணிக உலகம் அவற்றை ஒரே நீண்ட 'பண்டிகைக் காலமாக'ப் பார்க்கிறது. 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்த தீபாவளிக்கான சிறப்பு விற்பனையை அமேசான், பிளிப்கார்ட் ஆகிய இணைய வணிக நிறுவனங்கள் செப்டம்பர் 23 அன்றே தொடங்கின. தீபாவளி முடிந்ததும் அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி கிறிஸ்துமஸ்.

தொழிலாளருக்காகப் பிறந்த முழக்கம்

'சீக்கிரம் வாங்குங்கள்' என்ற அழைப்பை வணிகர்கள் மட்டுமே எழுப்பவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கச் சமூகச் சீர்திருத்தவாதியான புளோரன்ஸ் கெல்லி இந்த வேண்டுகோளை வலுவாக முன்வைத்தார். கடைசி வாரத்தில் மக்கள் கடைகளில் குவிந்ததால், விற்பனைப் பெண்களும் பொருள்களைக் கொண்டு சேர்த்த சிறுவர்களும் நள்ளிரவு வரை உழைக்க நேர்ந்தது. அவர்களின் சுமையைக் குறைக்கவே, முன்கூட்டியே வாங்குமாறு அவரும் தேசிய நுகர்வோர் கழகமும் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர்.

பின்னர் அதே முழக்கம் விற்பனையைப் பெருக்கும் கருவியானது. 1939-இல் அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள் வழக்கப்படி நவம்பர் 30 அன்று வரவேண்டும். அந்த நாளுக்குப் பிறகே கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் என்பதால், நாள்கள் குறைகின்றன என்று வணிகர்கள் முறையிட்டனர். அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த நாளை ஒரு வாரம் முன்னதாக, நவம்பர் 23-க்கு மாற்றினார். பல மாநிலங்கள் ஏற்க மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு நன்றி நவிலல் நாள்கள் கொண்டாடப்பட்டன. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையே அந்நாள் என 1941-இல் சட்டம் இயற்றப்பட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

நாள்காட்டியில் கைவைக்கும் முயற்சி இன்றும் நிற்கவில்லை. 2024-இல் வெனிசுலா அதிபர் நிகோலஸ் மதுரோ, கிறிஸ்துமஸ் காலம் அக்டோபர் 1 அன்றே தொடங்கும் என்று ஆணையிட்டார். பண்டிகையை அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்தக் கூடாது என அந்நாட்டு ஆயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே வேளையில் பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் செப்டம்பர் மாதத்திலிருந்தே கிறிஸ்துமஸ் பாடல்களை விரும்பிக் கேட்கின்றனர். ஆகவே, சீக்கிரம் தொடங்குவது மட்டுமே குற்றம் ஆகிவிடாது.

திலக் நகரின் அக்டோபர்

மும்பைத் தமிழர்களுக்கு இது நன்றாகவே தெரியும். துறைமுக வழித்தடத்தில் உள்ள திலக் நகர் ரயில் நிலையத்துக்கு அருகில்தான், பழைய வழக்கப்படி பலரும் 'குர்லா டெர்மினஸ்' என்றே அழைக்கும் லோகமான்ய திலக் முனையம் இருக்கிறது. சென்னை, கோவை, மதுரை செல்லும் ரயில்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. பண்டிகைக்கு ஊர் செல்ல நினைப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் உண்மையில் தொடங்குவது முன்பதிவு திறக்கும் காலையில்தான்.

ரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி டிசம்பர் 22 பயணத்துக்கான முன்பதிவு அக்டோபர் 23 அன்று தொடங்குகிறது. 2025-இல் அது தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். அன்று காலை 8 மணிக்குக் கைப்பேசியுடன் காத்திருக்கத் தவறியவர்கள், காத்திருப்போர் பட்டியலையும் கடைசி நேரத் தட்கலையும் நம்ப வேண்டியிருக்கும்.

வீட்டுச் சமையலறையிலும் இதே நிலைதான். கிறிஸ்துமஸ் கேக்குக்கான உலர்பழங்களைப் பல வாரங்களுக்கு முன்பே ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊறவைப்பது வழக்கம். இதே நகரில் விநாயகர் சதுர்த்திக்கான சிலை வேலையும் பந்தல் வேலையும் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகின்றன. அதை யாரும் அவசரம் என்று குறைகூறுவதில்லை.

ஆயத்தம் வேறு, அவசரம் வேறு

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பயணச்சீட்டு எடுப்பதும், பழம் ஊறவைப்பதும், தையற்கடையில் துணி கொடுப்பதும் ஆயத்தங்கள். அவை பண்டிகை நாளை நோக்கி நம்மை நடத்துகின்றன; காத்திருப்புக்கு ஒரு சுவை சேர்க்கின்றன. அக்டோபரிலேயே ஒலிக்கும் பாடலும் ஒளிரும் மரமும் அந்தக் காத்திருப்பையே பறித்துவிடுகின்றன. பொருள்களின் பளபளப்பில் கிறிஸ்துமஸ் சிறைப்பட்டுவிட்டதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 கிறிஸ்துமஸ் இரவு மறையுரையில் வருந்தியதும் இதனை ஒட்டியதே.

இதில் குடும்பங்களின் பணமும் அடங்கியிருக்கிறது. தள்ளுபடிக் காலம் நீளும்போது செலவு செய்யத் தூண்டும் நாள்களும் கூடுகின்றன. தீபாவளிக்கு வாங்கிய பொருளின் தவணை முடியாத நிலையில் கிறிஸ்துமஸ் தவணையும் சேர்ந்துகொள்கிறது. அதே நேரத்தில், நடைபாதையில் நட்சத்திரம் விற்கும் சிறு வியாபாரிக்கு இந்தச் சில வாரங்களே ஆண்டு வருமானத்தின் முக்கியப் பகுதி என்பதையும் மறந்துவிட முடியாது.

கடைகளின் நாள்காட்டியை வாடிக்கையாளர் மாற்றிவிட முடியாது. வீட்டின் நாள்காட்டி அவர் கையில்தான் இருக்கிறது. முன்பதிவை அக்டோபரில் முடித்துவிட்டு, நட்சத்திரத்தை டிசம்பரில் ஏற்றலாம். டிசம்பர் 26 அன்று கடைகள் அலங்காரத்தைக் கலைத்த பிறகும், ஜனவரி 6 வரை அதை அணைக்காமல் வைத்திருக்கலாம்.