செஞ்சிக் கோட்டையை வென்ற காய்ச்சல்!

'கோட்டையைப் பற்றி எழுத சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா? செஞ்சிக் கோட்டையை ஒருநாள் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள், புரியும். அங்கே எனக்குப் பீரங்கியைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டருக்கு மதில்! கோன் வம்சத்தார் ஆரம்பித்து வைத்ததை, விஜயநகர காலத்து நாயக்கர்கள் பெரிதாகக் கட்டினார்கள். பிறகு பீஜப்பூர் சுல்தான். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து தங்கி ஆட்சி நடத்த, ஔரங்கசீப்பின் படை வந்து முற்றுகையிட்டது. விட்டு விட்டு நடந்த அந்த முற்றுகை முடிந்தது 1698-ல். கிட்டத்தட்ட எட்டு வருஷம்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். இந்த மராட்டியத் தொடர்பால்தான் 2025-ல் மகாராஷ்டிராவின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

எட்டு வருஷம் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியத்தைப் பாருங்கள். வளைவுக் கூரையும் தடித்த சுவருமாக, வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தாலே உடம்பு குளிரும். பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம். நாலு எட்டு வைத்தால் கல்யாண மகால்... அடுக்கடுக்காகக் கூம்பிக்கொண்டே போகிற எட்டு நிலைக் கோபுரம். இதற்குச் சுட்ட மண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியிலும் சுனை இருக்கிறது. எதிரி கீழே குளத்தை மடக்கினாலும் மேலே இருப்பவன் தாகத்தால் சாகமாட்டான்.

அதே இடம் வேறொரு கணக்கும் தீர்த்தது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதை ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில், ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பிய சிப்பாய்களுக்கு மேல் வைத்திராத அவர்கள், 1,200 பேரைப் பறிகொடுத்ததாகச் சொல்லப்படுகிறது என்று அக்காலத்து ஆங்கிலேய வரலாற்று ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். கர்நாடகப் பிரதேசத்திலேயே உடம்புக்கு ஆகாத ஊர் என்று பெயர்!

காற்று கெட்டது என்றுதான் அன்று நினைத்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் நிரூபித்தது 1897-ல்தான். மூன்று மலைக்கு நடுவே தேங்கிய குளம், அகழி, காடு... முறைக்காய்ச்சல்தான் கொன்றிருக்கும் என்பது என் கணிப்பு. இன்றைக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் மூடாத தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதுவும் சின்ன அகழிதான்!

சரி, குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? மார்கழி, தை மாதங்கள் உத்தமம். காலையில் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். பிற்பகலில் தாமதமாகப் போனால் மேலே விடமாட்டார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஆழமான பிளவு ஒன்று, அதன்மேல் சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டை தனித் தீவு! பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீர்மோரில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்து எடுத்துப் போங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றோடு ஏறவே கூடாது, பையில் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கைத்தடி உதவும். இதய நோய் உள்ள பெரியவர்கள் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஏறும்போது நெஞ்சை அடைத்தாலோ, வெயிலில் தலைவலித்துப் பேச்சுக் குழறினாலோ எந்தக் கஷாயத்தையும் தேட வேண்டாம். நிழலில் கிடத்தி ஈரத்துணி போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு! சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்குகள் விடாது. அதையும் சொல்லிவிடணும்.

ஏற முடியாதவர்களுக்குக் கீழேயே நிறைய இருக்கிறது. செட்டிக்குளக் கரை, 22 வயதில் ஆற்காட்டு நவாபோடு மோதி 1714-ல் உயிர்விட்ட ராஜா தேசிங்கை எரித்த இடம். அவன் மனைவியும் அங்கேதான் தீயில் இறங்கினாளாம். வெங்கடரமணர் கோயிலுக்குள் போனால் தூண்கள் சில காணாமல் போயிருப்பது தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை அவை. பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்களைப் பார்த்திருப்பீர்களே? அவை செஞ்சியிலிருந்து போனவைதான்!