கிணற்று நீரும் செயற்கைப் பசளையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என ஆற்றின் பெயரைத் தாங்கியதும் மாரியில் மட்டும் ஓடுவதே. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் எமக்கு உள்ளது நிலத்தடி நீர் ஒன்றே. மாரிமழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால், அதன் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றைக் காணச் சென்ற மாணவர், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை ஆசிரியர் விளக்கக் கேட்டிருப்பர். அந்த மெல்லிய நன்னீர்ப் படையினுள் நாம் எதனைச் சேர்த்து வருகின்றோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிரின் வேர் பெரும்பாலும் உறிஞ்சுவது இந்த நைத்திரேற்றையே. ஆனால் களித் துணிக்கைகள் மறை ஏற்றம் உடையன. நைத்திரேற்றும் மறை ஏற்றம் உடையது. ஆதலின் மண் அதனைப் பற்றி வைத்திருக்க மாட்டாது. வேருக்கு எட்டாது எஞ்சியது மழைநீரோடு கீழிறங்கிவிடுகின்றது. "நைத்திரேற்றுக்கள் யாவும் நீரிற் கரையும்" என்று இரசாயன வகுப்பில் நாம் மனனஞ் செய்தோம் அல்லவா? பரீட்சையோடு மறந்துபோன அவ்வாக்கியத்தின் பொருளைக் கிணறு இன்று எமக்கு உணர்த்துகின்றது.

துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒருவன் நாளொன்றுக்கு இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. மாட்டெரு, ஆட்டுப்பட்டி, பூவரசங்குழை, வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலை ஆகியவையே எருவாயின. அவை மெல்ல உக்கி, மெல்லவே நைதரசனை விட்டன. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. 1970களில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை வந்தபோது செம்பாட்டு மண் பொன் விளையும் மண்ணாயிற்று. அந்த வருவாயினாற் படித்தவர் எம்முட் பலர், இதனை மறைப்பதற்கில்லை. ஒரே நிலத்தில் ஆண்டு முழுவதும் பயிர் ஏறியது. பசளையும் வேண்டிய அளவுக்கு மேலாகவே ஏறியது. 1980களிலேயே ஆய்வாளர் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதற்கு மேற்பட்ட நைத்திரேற்றைக் கண்டனர்.

எல்லாப் பழியையும் தோட்டக்காரன் தலையிற் சுமத்துதல் நீதியன்று. நெருங்கிய குடியிருப்புக்களின் மலசலக் குழிகளிலிருந்தும் அதே நைத்திரேற்றே அதே வெடிப்புக்களூடாக இறங்குகின்றது.

இதனால் முதலில் இடருறுவது ஆறு மாதத்துக்குட்பட்ட சிசு. நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இதனாலேயே இதற்கு நீலக்குழந்தை நோய் என்று பெயர். தாய்ப்பாலன்றிக் கிணற்று நீரிற் கரைத்த மாப்பாலை அருந்தும் பிள்ளைக்கே இவ்வபாயம் அதிகம். நீரைக் கொதிக்க வைத்தால் யாவும் தீரும் என்று நல்லெண்ணமுடைய தாய்மார் நம்புகின்றனர். கொதிக்க வைத்தாற் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் ஆவியாவதால் மேலுஞ் செறியும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு பரப்பு நிலம் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு பயிர்க்காலத்தில் அதற்கு 400 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நீர் இறைப்பதாகக் கொண்டால் ஏறத்தாழ 1 இலட்சம் லீற்றர் ஆகும். கிணற்று நீரில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று இருப்பின், அந்நீரோடு 2¼ கிலோகிராம் நைதரசன் தோட்டத்திற் சேரும். அஃது ஏறக்குறைய 5 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். கடையிற் காசு கொடுத்து வாங்கிய பசளையே கிணற்றினுள் இருக்கின்றது. அதனைக் கணக்கிற் சேர்க்காது மீண்டும் முழு அளவையும் இடுவது வீண் செலவேயாம்.

அதற்காகப் பசளையை ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோர் 2021ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடையை நீக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் நெல்லும் தேயிலையும் குன்றின. சேதனப் பசளையால் மண்ணைப் பண்படுத்த ஆண்டுகள் வேண்டும். வர்த்தமானி அறிவித்தலுக்காக மண் காத்திராது.

நைத்திரேற்றை அளந்தறிவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நிறம் மாறுங் கடதாசிக் கீற்றுக்கள் விலைக்குக் கிடைக்கின்றன. உயர்தர விஞ்ஞான மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்றிலிருந்து மாரிக்கு முன் ஒரு போத்தலும் மாரிக்குப் பின் ஒரு போத்தலும் நீர் கொணர்ந்து, அளந்து, ஊர்ப்படத்திற் குறிப்பாராயின், எமது அயலில் எக்கிணறு எந்நிலையில் உள்ளது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணறுகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.