வசந்தருதுவும் வீட்டுப் புற்றரையும்

இங்கிலாந்து தேசத்து வீடுகளில், கொல்லைப்புறத்தில் சிறிதளவு நிலம் வாய்த்தாலும் அதில் ஒரு பகுதியைப் புல்லுக்கென்று ஒதுக்கி வைப்பது நெடுநாளைய வழக்கம். குளிர்காலம் முழுவதும் ஈரத்திலும் நிழலிலும் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் அந்தப் புல், மண்ணின் உஷ்ணம் 5, 6 டிகிரி செல்ஷியஸைத் தாண்டுகிற சமயத்தில்தான் மீண்டும் தழைக்கத் தலைப்படுகிறது. பெரும்பாலும் அது மார்ச் மாசமாக இருக்கும். ஆகவே, வசந்தருதுவுக்குப் புற்றரையைச் சித்தம் செய்ய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை அன்று, மண்ணையே என்பது என் திடமான அபிப்பிராயம். வெயில் சற்றே முகம் காட்டியதென்று, உறைபனி விலகாத புல்லின்மேல் அவசரப்பட்டு நடந்தால், கால் பட்ட இடமெல்லாம் கருகிப் பழுப்பேறிவிடும்.

மண்புழுக்கள் மேலே தள்ளியிருக்கும் மண்குவியல்களை, அவை நன்றாக உலர்ந்த வேளையில் துடைப்பத்தால் கலைத்துவிடுவதே முதற்காரியம். ஈரத்தோடு மிதித்தால் அவை சேறாகப் பரவிப் புல்லை மூடிக் களைவிதைகளுக்குப் படுக்கை விரித்துவிடும். ஆயினும், மண்ணைத் துளைத்துக் காற்றோட்டம் தருகிற அந்த ஜீவன்களை விரோதிகளாகக் கருதுவது பெரும் பிழை.

அடுத்தது பாசி. அதைக் கண்டவுடனே வாரியெடுக்கப் புகுவோர் உண்டு. உயிரோடு இருக்கும் பாசியை வாரினால் அதன் துணுக்குகள் சிதறி வேறிடங்களிலும் வேர்கொள்ளும். முதலில் அன்னபேதி கலந்த மருந்தை அளவறிந்து தூவி, ஓரிரு வாரங்களில் பாசி முற்றும் கருத்து மடிந்த பின்னரே, கம்பிப் பற்களுள்ள வாரியால் மெல்ல வாரி அகற்ற வேண்டும். அருகிலுள்ள கற்றளத்தில் அந்த மருந்து சிந்தினால் துருக்கறை நிலைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது. இவ்வளவு பிரயாசைக்குப் பிறகும் பாசி திரும்ப வருகிறதென்றால், காய்ச்சலைப் போல அதுவும் உள்ளே இருக்கும் ஒரு வியாதியின் குறியே: நிழல் அதிகம், நீர் வடியவில்லை, மண் இறுகிக் கிடக்கிறது. மருந்துக் கடைக்கு நடப்பதைக் காட்டிலும், தோட்டக் கவையை எடுத்து, சாண் இடைவெளிக்குக் குறைவாக, சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தரை நெடுகக் குத்திக்கொண்டு போவது சிரமமாயினும் மேலான சிகிச்சை.

புல் வளரத் தொடங்கிய பிறகு, ஏப்ரலில், தழைச்சத்து மிகுந்த உரம் இடலாம்; வெறுமையான இடங்களில் ரைப்புல் விதை தூவலாம். முதல் வெட்டில் கத்தியை உயர்த்தி வைத்து, நுனியை மட்டும் நீக்க வேண்டும்; எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கழிப்பது வேரின் பலத்தைக் குறைக்கும். புல் வெட்டும் யந்திரத்தை 1830-இல் உருவாக்கிய எட்வின் பட்டிங், ஸ்ட்ரவுட் நகரப் பக்கத்து ஆலைகளில் கம்பளித் துணியின் மயிரைச் சமனாகக் கத்தரிக்கும் யந்திரத்திலிருந்தே அந்த யோசனையைப் பெற்றார் என்பது சுவாரஸ்யமான விஷயம்.

அடியில் தடித்துப் படிந்த காய்ந்த சருகை ஆழமாக வாரும் கடுமையான வேலையை மட்டும் வசந்தத்தில் தொடாமல், மண்ணின் சூடு ஆறாமல் மழையும் கூடிவருகிற செப்டம்பர் மாசத்துக்கு ஒத்திவைப்பதே உத்தமம்.