சுட்டும் நோகாத கை



மொனராகலையில் என்னிடம் ஓத வரும் பிள்ளையொன்றின் உம்மா ஒருநாள் கையில் கட்டுடன் வந்தார். "மௌலவி, கேத்தல் சுட்டுக் கை கொப்பளிச்சிருக்கு. ஆனா எனக்கு நோகவே இல்ல. அதென்ன?" என்று கேட்டார். அதே கையில் வெளிறிய படை ஒன்று இருப்பதாகவும், தேமல் என்று எண்ணி இரண்டு வருடமாக எண்ணெய் பூசி வருவதாகவும் சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பரிசோதித்ததில் அது தொழுநோய் எனத் தெரிந்தது.

தோலில் தெரியும் நோய் நோவை ஏன் பறிக்கிறது? நமது நரம்பிழைகளைச் சுவான் கலங்கள் சுற்றிக் காக்கின்றன. பல இழைகளுக்கு அவை மயலின் என்னும் கொழுப்புக் கவசத்தையும் போர்த்துகின்றன. அக்கலங்களின் வெளியே லெமினின் முதலிய புரதங்களாலான மெல்லிய உறை உண்டு. நரம்பிழை அறுந்தாலும் இந்த உறை எஞ்சியிருக்கும். நீர் வற்றினாலும் வாய்க்கால் கிடப்பதைப் போல! புதிய இழை அதன் வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். சுவான் கலங்கள் மீண்டும் கவசம் போர்த்தும்.

தொழுநோய்க் கிருமி பற்றிக்கொள்வதும் இந்த லெமினினைத்தான். நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் அனுர ரம்புக்கனவும் அவரது குழுவினரும் இதை 1997இல் கண்டறிந்தார்கள். நரம்பைப் பேணும் உறையே கிருமிக்குப் பிடிமானமாகிவிடுகிறது. கிருமி கலத்தினுள் புகுகிறது. உடல் அதை எதிர்க்கையில் நரம்பு வீங்கி நசுங்குகிறது. காலம் கடந்து உறையும் தழும்பாகி அடைபட்டால், இழை திரும்பி வளர வழியில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். போன உணர்வைத் திருப்பித் தருமென்று சொல்ல முடியாது.

ஆகவே, சகோதரிகளே, தாமதம்தான் பெரிய எதிரி. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் தொழுநோயாளருக்கென ஆஸ்பத்திரி அமைத்த காலத்தில், ஒதுக்கி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. "வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணப் பேச்சு குழம்பும்" என்று மறைப்போர் உண்டு. இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். நோயின் அளவுக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் குடித்தால் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் ஆபத்து பெரிதும் நீங்கிவிடும். தனிக் கோப்பையும் வேண்டாம், தனிப் பாயும் வேண்டாம்.

வுழூச் செய்யும்போது கை கால்களைக் கவனியுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது முதுகையும் பாருங்கள். வெளிறிய அல்லது சிவந்த படை இருந்தால் பஞ்சுத் துண்டால் மெல்லத் தொடுங்கள். உணர்வு குறைந்திருந்தால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த உம்மா மருந்தை முடித்துக் குணமடைந்துவிட்டார். ஆனால் சுண்டுவிரலில் இன்றும் உணர்வில்லை. அடுப்படியில் தடித்த துணி பிடித்துத்தான் கேத்தலைத் தூக்குகிறார். இரண்டு வருடம் முந்திப் போயிருந்தால் அந்த விரலும் தப்பியிருக்கக்கூடும்.