மோரும் இரத்தக் கொழுப்பும்

சென்ற மாதம் இளம்பிள்ளைப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்ததும் மூத்த அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகினார்.

"ஐயா, இரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மோரில் உள்ள நுண்ணுயிர்களே அதைக் குறைத்துவிடும் என்று பேரன் படித்துச் சொன்னான். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. சரிதானுங்களா?"

சரியன்று என்றோம். எனினும் பேரன் சொன்னது முழுப் பொய்யுமன்று. ஆகவே அதன் விவரத்தை அங்கத்தினர் அனைவருக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தயிரில் வாழும் நுண்ணுயிர்கள் உடலுக்கு நன்மை பயக்கக்கூடும் என்று ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாவ் 1907-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் மசாய் மக்கள் புளித்த பாலை மிகுதியாக அருந்தியபோது அவர்களுடைய இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்ததாக 1974-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? நம் ஈரல், கொலஸ்டிராலைக் கொண்டே பித்தநீரைச் செய்கிறது. பித்தம் குடலுக்குச் சென்று கொழுப்பைச் செரிக்க உதவியபின், பெரும்பகுதி மீண்டும் ஈரலுக்கே திரும்புகிறது. சில வகை நுண்ணுயிர்கள் பித்த உப்பைப் பிளந்துவிடுகின்றன. பிளவுபட்டதில் ஒரு பகுதி மலத்தோடு வெளியேறுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் எல்லா நுண்ணுயிர்க்கும் இவ்வாற்றல் இல்லை. நம் வீட்டு உறைமோரில் எவ்வகை உள்ளதென்று எவரும் அறியார். இட்லி மாவு புளித்ததேயாயினும், ஆவியில் வெந்ததும் அவை மாண்டுபோகின்றன. கொதித்த மோர்க்குழம்பும் அவ்வாறே. தேர்ந்தெடுத்த வகைகளைக் கொடுத்துச் சோதித்தபோதும் கிடைத்த பலன் பொதுவாகச் சிறிதே. ஸ்டாடின் மாத்திரையோ, வழக்கமான அளவில், கெட்ட கொலஸ்டிராலைச் சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கவல்லது. சிறு வரவை நம்பிப் பெருங்கடனைப் பேரேட்டிலிருந்து அடித்துவிடும் சங்கம் உண்டோ?

மிகுந்த கொலஸ்டிரால் வலியோ காய்ச்சலோ காட்டாது. இரத்தக் குழாயில் மெல்லப் படிந்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படும். ஆதலால் இரத்தப் பரிசோதனை ஒன்றே அதை அறியும் வழி. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் வாழப்பாடியில்தான் 'கலைஞரின் வருமுன் காப்போம்' மருத்துவ முகாம் திட்டம் தொடங்கப்பெற்றது. முகாம் அருகில் வரும் நாளில் தறியை அரைநாள் நிறுத்தினாலும் நட்டமில்லை.

மோரை விடவேண்டியதில்லை. வெண்ணெய் நீக்கிக் கடைந்த மோரைக் காய்ச்சாமல், உப்பைக் குறைத்து அருந்துங்கள். தறிக்குழியில் நாளெல்லாம் அமர்ந்திருப்போர் மாலையில் அரைமணி நேரம் நடக்கட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

பெரியவர் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி, நமக்கும் ஒரு குவளை மோர் வரவழைத்தார்.