சாதிச் சான்றிதழ் – மெய்த்தன்மை விசாரணை பற்றி நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை



போன செமஸ்டர் தேர்வு நேரம். விடுதியில் எல்லோரும் அரியர் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தோம். மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர் ஒருவர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டோம். அவருடைய அண்ணனுக்கு அரசு வேலை கிடைத்து, பழங்குடியினர் சான்றிதழ் மெய்த்தன்மை விசாரணைக்குப் போயிருக்கிறதாம். "அண்ணனோடது செல்லாதுன்னு சொல்லிட்டா, என் சீட்டும் போயிடுமாடா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "இப்பல்லாம் இ-சேவையில வாங்குறோம், நம்பரைத் தட்டினா கம்ப்யூட்டர்லயே தெரியுது, அப்புறம் என்ன விசாரணை?" என்று பலர் நினைக்கிறோம். கம்ப்யூட்டர் சொல்வது, இந்தச் சான்றிதழை அந்த அலுவலகம்தான் கொடுத்தது என்பதை மட்டுமே. அதில் எழுதியுள்ள சாதி உண்மைதானா என்பது வேறு கேள்வி. மெய்த்தன்மை விசாரணை இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

இந்தக் கேள்வி ஏன் வருகிறது? தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ளது 1 சதவீதம். நூறு சீட்டில் ஒரே ஒரு சீட்! அதைப் பொய்ச் சான்றிதழோடு ஒருவர் எடுத்துக் கொண்டால், மலையிலிருந்து இறங்கி வந்த பையன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பட்டியலில் உள்ள பெயருக்கும் இல்லாத பெயருக்கும் சில சமயம் ஒரு சொல்தான் வித்தியாசம். 'கொண்டாரெட்டி' பழங்குடிப் பட்டியலில் உண்டு, 'ரெட்டி' கிடையாது. குடியரசுத் தலைவர் ஆணையில் உள்ள இந்தப் பட்டியலை நாடாளுமன்றச் சட்டத்தால்தான் மாற்ற முடியும்.

இப்படி ஒரு வழக்குதான் நாடு முழுவதற்கும் வழிமுறை தந்தது. மகாராஷ்டிரத்தில் 'மகாதேவ் கோளி' என்ற பழங்குடிச் சான்றிதழோடு மருத்துவப் படிப்பில் சேர்ந்த சகோதரிகளின் தந்தையுடைய பழைய பதிவேட்டில் 'இந்து கோளி' என்று இருந்தது. அது பழங்குடி அல்ல. இந்த மாதுரி பாட்டீல் வழக்கில் 1994 செப்டம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த முறையின் சுருக்கம் இது:

1. சான்றிதழைச் சரிபார்க்க ஒரு குழு இருக்க வேண்டும்.

2. விசாரணை அதிகாரி சொந்த ஊருக்கே போய், பிறப்பு, பள்ளிப் பதிவேடுகளையும் பெற்றோரையும் விசாரிக்க வேண்டும். பழங்குடியினர் என்றால் குலதெய்வம், கல்யாணம், சாவுச் சடங்கு முறைகளையும் கேட்பார்.

3. அறிக்கை பாதகமாக இருந்தால், அதன் நகலோடு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதில் தர இரண்டு வாரம். அதிகபட்சம் 30 நாள்.

4. நேரில் பேசவும் சாட்சி, ஆவணம் காட்டவும் வாய்ப்புத் தந்த பிறகே உத்தரவு. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு அரசாணைப்படி, ஆதிதிராவிடர் சான்றிதழ்களைக் கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் குழுவும், பழங்குடியினர் சான்றிதழ்களை மாநிலக் கூர்நோக்குக் குழுவும் விசாரிக்கின்றன. இன்னொன்றும் கவனியுங்கள். 1989 நவம்பர் 11 முதல் பழங்குடியினர் சான்றிதழை ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். அதற்கு முன் அப்பாவுக்குத் தாசில்தார் கொடுத்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அது செல்லாமல் போகாது.

பொய் என்று முடிவானால்? சீட்டோ வேலையோ போகும். எத்தனை வருடம் சர்வீஸ் இருந்தாலும் பொய்ச் சான்றிதழில் வாங்கிய பலனை வைத்துக் கொள்ள முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "யாருக்குத் தெரியப் போகுது" என்று புரோக்கரிடம் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, உண்மையான பழங்குடி மாணவன் என்ன ஆவான்? தாத்தா காலத்திலேயே மலையை விட்டு இறங்கி, எஸ்டேட்டிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவனிடம் பழைய சடங்கைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பான். அதை வைத்து அவனைப் பொய்யன் என்றால் நியாயமா? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொன்னது. சடங்கு, பழக்கவழக்கக் கேள்விகள் மட்டுமே உரைகல் ஆகா. சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்கே மதிப்பு மிக அதிகம். தந்தை வழி இரத்த உறவினர் ஒருவருக்கு முறையான விசாரணைக்குப் பின் 'உண்மை' என்று உத்தரவாகியிருந்தால், அதுவும் நல்ல ஆதாரம்.

நண்பரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அண்ணனின் சான்றிதழ் உண்மை என்று முடிந்தால் அது தம்பிக்கும் பலம். பாதகமாக முடிந்தாலும் தம்பியின் சீட் தானாகப் போய்விடாது. அவருக்கும் நோட்டீஸ் தந்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க முடியும்.

தோழர்களே, நாளை வேலைக்குப் போகும்போது இந்த விசாரணை நம் வாசலுக்கும் வரும். இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. அப்பா, தாத்தா படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டு நகல் வாங்கி வையுங்கள். பழைய பட்டா, பத்திரம், பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடுங்கள். எல்லாவற்றிலும் சாதிப் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டிக்குள் போட்டு விடாதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நண்பர் ஊருக்குப் போய் வந்தார். அவருடைய தாத்தா பெயர் பழைய பள்ளிப் பதிவேட்டில், ஓரம் பொடிந்த தாளில், சாதியோடு இருந்ததாம். விசாரணை இன்னும் முடியவில்லை. "தாத்தா ரெண்டாவதோட நின்னுட்டார்டா. ஆனா அந்த ரெண்டு வருஷம்தான் இப்ப எங்களைக் காப்பாத்தணும்" என்றார்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்!