திரைக்குப் பின்னால் துரியோதனன்

அனிமே பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் பாட்டு மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரத் தொடர் ஒன்றில் தொடக்கப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்பது அங்கே வழக்கமாகிவிட்ட கணக்கு. 1963 ஜனவரியில் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடருக்கு முதலில் வெறும் இசைதான் இருந்தது. கவிஞர் தனிகாவா ஷுந்தாரோ பிறகுதான் அதற்கு வரிகள் எழுதினார். 1969 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘சசாயே-சான்’ இன்றும் அதே பழைய பாட்டோடுதான் தொடங்குகிறது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. கதை தொடங்குவதற்கு முன்பே வரப்போகிறவர் யார், எந்த மனநிலையில் அவரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. இதே வேலையை ஒரு பாத்திரம் விடாமல் இரவு முழுக்கச் செய்யும் கலை ஒன்று காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறது. கட்டைக்கூத்து என்றும் தெருக்கூத்து என்றும் அதைச் சொல்வார்கள். பட்டு வாங்கவும் சாமி கும்பிடவும் காஞ்சிக்கு வருகிறவர்களில் பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

கூத்தும் தொடர்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடக்கும்போது பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே பாரதம் கூத்தாக ஆடப்படும். எட்டு இரவு, பத்து இரவு, வசதியுள்ள ஊரில் பதினெட்டு இரவுகூட நடக்கும். வில் வளைப்பு, ராஜசூய யாகம், பாஞ்சாலி துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஓர் இரவுக்கு ஒரு கதை.

இரவு ஒன்பது பத்து மணிக்கு மேளக்கட்டு ஆரம்பிக்கும். மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை எல்லாம் சேர்ந்து கொட்டும். கூத்து ஆடும் இடமான களரியில் அப்போது யாருமே இருக்கமாட்டார்கள். வயல் தாண்டி அடுத்த ஊர் வரை கேட்கும் அந்தச் சத்தம்தான் அழைப்பு. சாப்பிட்டு முடித்தவர்கள் பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். விநாயகர் துதி முடிந்ததும் கட்டியக்காரன் வந்து நாலு வார்த்தை வேடிக்கையாகப் பேசி, இன்று என்ன கதை என்று சொல்வான்.

அதற்குப் பிறகு வருவதுதான் கூத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு களரிக்குள் வருவார்கள். அதற்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான். நமக்குத் தெரிவது துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சியும் துணிக்குக் கீழே சலங்கை கட்டிய காலும்தான். முகம் தெரியாமல் குரல் மட்டும் கிளம்பும். முதலில் தாளமில்லாமல் நீட்டி ஒரு விருத்தம். இதைத் திரை விருத்தம் என்பார்கள். அடுத்துத் தாளத்தோடு திரைத் தரு. தன்னைப் பற்றியே பாடினாலும், வேறொருவனைப் பற்றிச் சொல்வது போல, இன்னார் வந்தார், இப்படிப்பட்ட வீரர் வந்தார் என்றுதான் பாடுவார் நடிகர். அப்போது அவர் பாதி துரியோதனன், பாதி அந்தத் துரியோதனனை நமக்கு அறிமுகம் செய்கிறவர்.

அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் நடிகருக்கு மூச்சு வாங்கவும் அடவு போடவும் நேரம் கிடைக்கும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி, மார்பில் பதக்கம் என்று மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த அணிகளைச் சுமந்துகொண்டு ஆட வேண்டும். இந்த அணிகளுக்குத்தான் கட்டை என்று பெயர். முகவீணை பார்க்க நாகஸ்வரத்தின் குட்டி போல இருக்கும். அதன் கூர்மையான நாதம் நடிகரின் குரலை விட்டு விலகாமல் கூடவே போகும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமே என்று உச்சஸ்தாயியில் பாடிப் பழகிய கலை இது. மைக் வந்த பிறகும் அந்தச் சுருதி இறங்கவில்லை, இறங்கவும் கூடாது.

பாட்டு ஏற ஏறத் திரை ஆடும். முகம் கொஞ்சம் தெரிந்து மறையும், சிவப்பு அரிதாரம் தெரியும், மறுபடி மறையும். திரையை உருவி எடுத்ததும் துரியோதனன் களரியைச் சுற்றிச் சுழன்று ஆடுவான். அதன் பிறகுதான் கட்டியக்காரன், ‘தாங்கள் யார்?’ என்று கேட்பான். பெரிய வேஷமென்றால் வரவு மட்டுமே அரை மணி நேரம் போகும். ஊரில் எல்லாருக்கும் துரியோதனனைத் தெரியும், நேற்று இரவும் வந்தவன்தான். ஆனாலும் இன்று இரவு அவன் திரைக்குப் பின்னாலிருந்துதான் வந்தாக வேண்டும்.

1995-ல் வந்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ அனிமேயின் தொடக்கத்தில், தகாஹாஷி யோகோ பாடும்போது கதை மாந்தர்களின் முகங்களும் எங்கோ பின்னால் வரப்போகும் ஒருவனுடைய முகமும் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னி மறையும். காட்டியும் காட்டாமலும் ஆவலைக் கிளப்பும் அதே வித்தைதான், ஒன்றரை நிமிடத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். இன்று செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த ஒன்றரை நிமிடத்தையும் தாண்டிவிடலாம். கூத்தில் வரவைத் தாண்டிவிட்டால் அப்புறம் அந்த வேஷத்துக்கு உயிரே இல்லை.

இந்த வரவுப் பாட்டைக் கற்றுக்கொள்ள ஜமா என்னும் கூத்துக் குழுவில் சேர்ந்து வாத்தியாரோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்பதுதான் பழைய முறை. 1990-ல் காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்களுக்காகக் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. பரம்பரைக் கலைஞரான பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் அதன் முன்னோடிகள். காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில், அங்கே பெண்பிள்ளைகள் கிரீடம் வைத்துக் கட்டை வேஷம் கட்டினார்கள். அது சாதாரணக் காரியமல்ல.

முடிவுப் பாட்டுக்கு வருவோம். எவாஞ்சலியன் ஒவ்வொரு வாரமும் 1954-ல் எழுதப்பட்ட மெல்லிய அமெரிக்கப் பாட்டு ஒன்றோடு முடியும். கூத்தில் விடியற்காலையில் மங்களம் பாடி முடிப்பார்கள். அதில் ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. தெய்வத்தையும் சபையையும் வாழ்த்திவிட்டு, நடிகர்கள் அரிதாரம் கலைக்கப் போய்விடுவார்கள்.

ஆனால் பதினெட்டாம் போர் அன்று மட்டும் கூத்து களரியோடு நிற்காது. விடிந்ததும் திறந்த வெளியில் மண்ணால் செய்து படுக்கவைத்த மாபெரும் துரியோதனன் உருவத்திடம் போகும். படுகளம் என்பது இதுதான். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். அங்கேதான் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். பாண்டவர் ஜெயித்த நாளில், தோற்றவன் வீட்டு அழுகையை ஊரே நின்று கேட்கும். பாரதக் கூத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அன்று மாலை தீமிதி நடக்கும்.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் காஞ்சிபுரம், செய்யாறு, உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் விசாரித்தால் எங்காவது பாரதம் நடந்துகொண்டிருக்கும். படுகளம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர் காலையில் நேராக வந்து மண் உருவத்தைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, முந்தைய இரவே வந்துவிடுங்கள் என்றுதான். அதே துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடுவதைக் கேட்டவருக்குத்தான் காலையில் பெருந்திருவாள் எதற்காக அழுகிறாள் என்பது புரியும்.